ஒன்பதாம் வட்டாரத்துக்கு ஓர் அறிவித்தல்

முதலில் விளக்குகள்.
நாற்பது கேட்டேன், பதினேழு தந்தார்கள்.
பதினாறு எரிகின்றன.
மற்றது வாசிகசாலைச் சந்தியில்
எரிவதா விடுவதா என்று இன்னும் யோசிக்கிறது.
மின்சார சபைக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று,
நாலாவதை நானே கொண்டுபோவேன்.

தண்ணீர் பவுசர் செவ்வாயும் வெள்ளியும்.
வெள்ளி வராவிட்டால் சனி.
சனியும் வராவிட்டால்
சாரதி யோகானந்தனை ஏசவேண்டாம்,
டீசல் சிட்டையில் ஒப்பமிடுகிறவர் லீவில் நிற்கிறார்.
என்னை ஏசுங்கள்.
அதற்கும் சேர்த்துத்தானே புள்ளடி போட்டீர்கள்.

களப்புப் பக்கம் ஆறு கிணற்றில் அள்ளி
சோடாப் போத்தலில் பரிசோதனைக்கு அனுப்பினேன்.
அறிக்கை சிங்களத்தில் வந்தது.
தமிழில் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து
ஒரே ஒரு வரி: குடிக்க உகந்ததல்ல.

கட்டாக்காலி மாடுகள் ஐந்து பிடித்தோம்.
ஐந்துக்கும் சொந்தக்காரர் இல்லை என்றார்கள்.
ஏலம் என்று அறிவித்ததும்
ஏழு பேர் வந்தார்கள்.

மதகு முடிந்தது.
போன மாரிக்கு முழங்கால் வெள்ளம் நின்ற இடத்தில்
நேற்றைய மழை வழுக்கியாற்றைப் பார்த்து ஓடியதை
குடையோடு அரைமணித்தியாலம் நின்று பார்த்தேன்.
சிரித்தவர்கள் சிரியுங்கள்.
கல்லில் திலகநாயகி என்பதைத்
'திகலநாயகி' என்று வெட்டியிருக்கிறார்கள்.
திருத்த எண்ணாயிரமாம். இரண்டு பல்ப் காசு.
திகலமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இனி, நீங்கள் காத்திருக்கிற விஷயம்.

வேம்படி ஒழுங்கை, அகலம் எட்டடி.
மாசியில் நெஞ்சு நொந்த பரஞ்சோதியரை
வாசிகசாலைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து
அம்புலன்ஸ் நின்ற தார் றோட்டு மட்டும்
நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
அவர் பிழைத்தார். கதிரைக்குக் கால் முறிந்தது.
புதியது வாங்கியாயிற்று, பற்றுச்சீட்டு என்னிடம்.

அதன் பிறகுதான் வீடு வீடாய்
ஆளுக்கு ஒன்றரை அடி கேட்டு வந்தேன்.
இந்த ஊரில் கிட்னி கேட்டால் தருவார்கள்,
வேலியை உள்ளே அரக்கச் சொன்னால்...
ஆனாலும் தந்தீர்கள். பதினொரு வீடு.
அம்பிகாவதி ரீச்சர் காய்க்கிற தென்னையோடு தந்தார்.
பதினாலு வருசம் முகம் பாராத
அண்ணனும் தம்பியும்
அன்றைக்கும் முகம் பாராமலே
அளவுக் கயிற்றின் இரண்டு நுனியைப் பிடித்தார்கள்.

பன்னிரண்டாவது வேலி நின்ற இடத்தில் நிற்கிறது.
சந்திக் கடையில் என்னைக் கண்டதும்
கதையை வெங்காய விலைக்கு மாற்றுகிறீர்கள்.
மாற்றத் தேவையில்லை.
அது எங்கள் வேலி.

உறுதியில் என் புருசனோடு
தமையனின் பெயரும் இருக்கிறது. அவர் ஸ்காபரோவில்.
இந்த ஒழுங்கையில் கடைசியாய் நடந்து
இருபத்தாறு வருசம்,
ஆனால் எத்தனையாவது கதியால் பூவரசு,
எது கிளுவை என்று வரிசை தப்பாமல் சொல்கிறார்.
இரவு பதினொன்றுக்குத்தான் எடுப்பார்:
"நீ சபைக்குப் போனது வளவைக் கரைக்கவோ?"
பிள்ளைகள் எழும்பாமல் கிணற்றடியில் நின்று கதைப்பேன்.
விடிந்தால் கூட்டம்.
ஆனி, ஆடி, ஆவணி அறிக்கைகளில்
வேம்படி ஒழுங்கைக்கு நேரே
'நடவடிக்கையில் உள்ளது' என்றிருக்கும்.
அதை எழுதியது கிளார்க் அல்ல.

அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.
எங்கள் பங்குப் பக்கம்தான், அரக்கலாம் என்கிறார் சட்டத்தரணி,
வழக்கு வந்தால் வேறு மாதிரியும் சொல்லலாமாம்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கதியால் பிடுங்குகிறோம்.
இவரும் ஓம் என்று ஒரு சொல் சொல்லவில்லை.
நேற்றுப் பின்னேரம் பார்த்தால்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த அலவாங்கு
மண் கழுவி
விறாந்தையில் சாத்தியிருந்தது.

வரக்கூடியவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.
தேத்தண்ணி உண்டு.
பெருமழைக்கு முன்னம் ஊன்றினால் துளிர்த்துவிடும்.

மறந்துபோனேன்:
குப்பை உழவு இயந்திரம் இனிமேல் புதன்,
வியாழன் அல்ல.